ஏழாவது ஜுராசிக் படம்: பார்த்தவர்கள் ஏன் இருவேறு கட்சியாக நிற்கிறார்கள்?

கேள்வி இது: "'ஜுராசிக் வேர்ல்ட்: ரீபெர்த்' படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் நண்பர்களில் பாதிப் பேர், முதல் படத்துக்குப் பிறகு வந்தவற்றில் இதுதான் சிறந்தது என்கிறார்கள். மீதிப் பேர் அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். ஒரே படத்தைப் பார்த்தவர்கள் இவ்வளவு எதிரெதிராகப் பேசக் காரணம் என்ன? வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான், அவனோடு பார்க்கலாமா?"

நானும் சென்னையில் இந்தப் படத்தை ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் பார்த்தேன். அலுவலகத்திலும் உறவினர் வீட்டிலும் பலர் இதைப் பற்றிப் பேசக் கேட்டேன். எனக்குப் படுவது இதுதான்: டைனோசரை ஒரு விலங்காகப் பார்க்க வந்தவர்களும், அதை அரக்கனாகப் பார்க்க வந்தவர்களும், கடைசியில் வந்து காப்பாற்றும் காவல் தெய்வமாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டவர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருந்தார்கள். அவரவர் வந்த நோக்கத்தை வைத்தே படத்தை அளந்தார்கள். ஆகவே ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் போவதில் வியப்பில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிவைத்த வரிசையில் 2025 ஜூலையில் வெளியான இது ஏழாவது படம். இயக்கியவர் கேரத் எட்வர்ட்ஸ். 2014இல் காட்ஸில்லா என்ற ராட்சத விலங்கைப் படமாக்கியவர். திரைக்கதை டேவிட் கெப். முதல் படத்தின் திரைக்கதையை நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டனோடு சேர்ந்து எழுதியவர் இவரே. கதைப்படி, டைனோசர்கள் உலகின் பெரும்பகுதியில் பிழைக்க முடியாமல் அழிந்து, நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமண்டலத்தில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. இதய நோய்க்கு மருந்து தயாரிக்க விரும்பும் ஒரு நிறுவனம், நிலம், கடல், வானம் ஆகிய மூன்றிலும் மிகப் பெரிய உயிரினங்களின் இரத்த மாதிரியை எடுத்து வர ஒரு குழுவை அனுப்புகிறது. ஸ்கார்லெட் ஜோஹான்சன், மஹர்ஷலா அலி, ஜொனாதன் பெய்லி மூவரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பாய்மரப் படகில் கடலைக் கடக்க வந்து விபத்தில் சிக்கும் ஒரு தந்தை, இரண்டு மகள்கள், மூத்த மகளின் காதலன் என்ற குடும்பமும் அதே தீவில் கரை ஒதுங்குகிறது. அந்த மூன்று உயிரினங்களில் கடலில் வாழும் மோசசாரஸும் வானில் பறக்கும் குவெட்சல்கோட்லஸும் அறிவியல்படி டைனோசர்களே அல்ல. முன்னது கடல்வாழ் பல்லியினத்தைச் சேர்ந்தது. பின்னது பறக்கும் ஊர்வனவற்றில் ஒன்று. பையனோடு பார்க்கிறவர்கள் இதை அவனுக்குச் சொல்லலாம். பெரும்பாலும் அவனே உங்களுக்குச் சொல்லிவிடுவான்.

இந்தப் படத்தை விரும்பியவர்கள், விரும்பாதவர்கள் என இரு தரப்பாருமே ஒருமித்துப் பாராட்டும் காட்சி ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் டி. ரெக்ஸ் எனப்படும் பெரிய ஊனுண்ணி டைனோசர் ஒன்று வயிறு நிறையத் தின்றுவிட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சிறிது தூரத்தில் காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்று கிடக்கிறது. குடும்பம் ஆற்றின் வழியே நகர வேண்டுமானால் அந்தப் படகு வேண்டும். மூத்த மகள் ஓசையில்லாமல் அதை எடுக்கப் போகிறாள். படகு விரியும்போது அதன் உடல் திரையை மறைக்கிறது. அது விலகும்போது விலங்கு உறங்கிய இடம் காலியாக இருக்கிறது. பிறகு ஆறு அவர்களை இழுத்துச் செல்ல, டி. ரெக்ஸ் நீந்தி வந்து படகைக் கவிழ்க்கிறது. சிறுமி கவிழ்ந்த படகின் அடியில் மாட்டிக்கொள்கிறாள். நான் பார்த்த இரண்டு காட்சிகளிலும் இந்த இடத்தில் அரங்கில் கைபேசி வெளிச்சம் ஒன்றுகூடத் தெரியவில்லை. சென்னைத் திரையரங்குகளுக்குப் போய் வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்பது தெரியும்.

இந்தக் காட்சி புதிதாகக் கற்பனை செய்யப்பட்டதன்று. கிரைட்டன் 1990இல் வெளியிட்ட நாவலிலேயே, உறங்கும் டி. ரெக்ஸைக் கடந்து ரப்பர் படகில் ஆற்றோடு போகும் பகுதி இருக்கிறது. முதல் படத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. கெப் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அந்தப் பக்கங்களை எடுத்து இங்கே பயன்படுத்தியிருக்கிறார். ஏழு படங்களில் ஏழாவதற்கு மிக நல்ல காட்சியைத் தந்தது முதல் நாவல்தான் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. மூலத்தைத் திரும்பப் படிக்கும் பொறுமை தொடர் படங்களை எடுப்பவர்களிடம் அரிது. அந்தப் பொறுமை இங்கே பலன் தந்திருக்கிறது.

அந்தக் காட்சி ஏன் வேலை செய்கிறது? விலங்கு விலங்காக நடந்துகொள்கிறது என்பதால்தான். அது தின்றது, தூங்கியது, விழித்தது, அசைவதைக் கண்டது, துரத்தியது, எட்டாதபோது விட்டுவிட்டது. அதற்கு யார் மீதும் பகை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் இதை நேரில் உணர்ந்திருப்பார்கள். வாயைப் பிளந்தபடி கரையில் கிடக்கும் முதலையைப் பார்த்து, இது பொம்மையா, உயிருள்ளதா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் கேட்பார். கண்ணிமைகூட அசையாது. தீனி போடும் நேரம் வந்ததும் அதே உடல் நீருக்குள்ளிருந்து எழும்பும் வேகத்தில் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெரியவர்களும் ஓரடி பின்னால் போவார்கள். அந்த அச்சம் பல்லின் அளவால் வருவதன்று; அசையாதிருந்தது எந்த நொடியில் அசையும் என்று நமக்குத் தெரியாததால் வருவது. ஆற்றங்கரைக் காட்சி அந்த அறியாமையைத்தான் நம்மிடம் கொடுக்கிறது.

1993ஆம் ஆண்டுப் படத்தின் பலமும் அதுவே. அதில் டைனோசர்கள் திரையில் தோன்றும் நேரம் மொத்தமாக ஏறத்தாழ 15 நிமிடங்கள்தாம். மீதி நேரமெல்லாம் காத்திருப்பும் தடயங்களும். மழையிரவில் டி. ரெக்ஸ் வேலியை அறுத்துக்கொண்டு வரும் காட்சியை மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஜான் வில்லியம்ஸ் போன்ற ஒருவர் இசையமைத்த படத்தில், அந்தக் காட்சி முழுவதிலும் இசையே இல்லை. மழைச் சத்தம், காலடி, உலோகம் நெளியும் ஒலி, பிறகு உறுமல். அந்த உறுமலை ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்டிராம் யானைக்குட்டி, புலி, முதலையினம் ஆகியவற்றின் குரல்களைக் கலந்து உருவாக்கினார். கோப்பையிலுள்ள தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழுகிறதே, அதற்காகக் காரின் கருவித்தட்டுக்கு அடியில் ஒரு கிட்டார் தந்தியைப் பொருத்தி மீட்டியிருக்கிறார்கள். ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த 12 மீட்டர் நீள இயந்திர உருவம் மழையில் நனைந்து, நீரை உறிஞ்சிக் கனத்து, தானாகவே நடுங்கத் தொடங்கியது. காட்சிகளுக்கு இடையே ஆட்கள் துண்டால் துடைத்து உலர்த்தினார்கள். இந்தப் பாடு அத்தனையும் எதற்காக என்றால், நம் எதிரே நிற்பதற்கு எடை உண்டு, தோல் உண்டு, பசி உண்டு என்று நம்ப வைப்பதற்காக. எட்வர்ட்ஸ் இதை அறிந்தவர். அவருடைய காட்ஸில்லாவுக்கு எதிராக அன்று எழுந்த பெரிய புகாரே, காட்ஸில்லாவை மிகக் குறைவாகக் காட்டிவிட்டார் என்பதுதான். அதே பழக்கம் இந்தப் படத்தின் முன்பகுதியில் நன்மையாக முடிந்திருக்கிறது.

இனி, ஏமாந்தவர்களின் தரப்புக்கு வருகிறேன். என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். முதல் நாளே பார்த்துவிட்டு வந்தவன். "டி. ரெக்ஸ் திரும்பி வரவே இல்லை, மாமா" என்பதுதான் அவனுடைய முதல் வாக்கியம். இதே குறையை நான் வேறு பலரிடமும் கேட்டேன். அவர்கள் எதிர்பார்த்தது நியாயமானது. ஏனென்றால் இந்த வரிசையே அவர்களை அப்படிப் பழக்கிவிட்டிருக்கிறது. முதல் படத்தின் இறுதியில் வெலாசிராப்டர்களிடம் (சுருக்கமாக ராப்டர்) மாட்டிக்கொண்டவர்களை, எங்கிருந்தோ வந்த டி. ரெக்ஸ் காப்பாற்றுகிறது. 2015ஆம் ஆண்டுப் படத்தில் டி. ரெக்ஸும் வெலாசிராப்டரும் மோசசாரஸும் சேர்ந்து, ஆய்வகத்தில் உருவாக்கிய கலப்பினமான இண்டாமினஸ் ரெக்ஸை முடிக்கின்றன. 2022இல் டி. ரெக்ஸும் தெரிசினோசாரஸும் சேர்ந்து ஜைகனோட்டோசாரஸை வீழ்த்துகின்றன. ஆக, இறுதிச் சண்டையில் நல்ல டைனோசர் வந்து கெட்ட டைனோசரை அடிக்கும் என்பது எழுதாத ஒப்பந்தமாகிவிட்டது.

நம்மூர் ரசிகர்களுக்கு இந்த ஒப்பந்தம் இன்னும் இயல்பாகப் பொருந்தும். சின்னப்பா தேவரின் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', அடுத்த ஆண்டே தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்', 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு'. யானையோ ஆடோ, அந்த விலங்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அறிந்து சரியான தருணத்தில் வந்து நிற்கும். அரங்கமே எழுந்து கைதட்டும். அந்தக் கைதட்டலை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பழக்கப்பட்ட யானையை வைத்து, அதன் அன்பை நம்பி எடுக்கப்பட்ட படங்கள் அவை. அங்கே அது உண்மையாகவே இருந்தது. டி. ரெக்ஸை அந்த இடத்தில் உட்கார வைத்தது ஹாலிவுட். முப்பதாண்டுகளில் அது மெல்ல மெல்ல ஒரு காவல் தெய்வமாகிவிட்டது. 'ரீபெர்த்' அந்த வழக்கத்தை முறித்து, ஆற்றோடு டி. ரெக்ஸை விட்டுவிட்டது. என் பார்வையில் படத்தின் மிகத் துணிவான முடிவு அது. தன் இரையைத் தவறவிட்ட விலங்கு, இன்னொரு நாள் அதே மனிதர்களைக் காப்பாற்ற வர வேண்டிய அவசியம் என்ன?

ஆனால் அந்தத் துணிவோடு படம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. டி. ரெக்ஸ் விட்ட இடத்தில் டிஸ்டார்ட்டஸ் ரெக்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மரபணுச் சோதனையில் பிழையாகப் பிறந்தது. முன்புறம் கூடுதலாக ஒரு ஜோடிக் கைகள், புடைத்த நெற்றி. அதோடு, ராப்டரையும் பறக்கும் ஊர்வனவற்றையும் கலந்தது போன்ற மியூட்டடான்கள். இந்த வரிசையைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் கடைசி அரை மணி நேரத்தின் மீது எரிச்சல் கொள்வது இவற்றால்தான். 1993இல் சமையலறைக் காட்சியில் நம்மைக் கதிகலங்க வைத்த இனமான வெலாசிராப்டரை, இந்தப் படத்தில் ஒரு மியூட்டடான் வந்து நொடிகளில் முடித்துவிடுகிறது. பழையதைவிடப் புதியது கொடியது என்று காட்டுவதற்கு எழுத்தாளர்கள் வழக்கமாக எடுக்கும் குறுக்கு வழி அது. ஆனால் அதன் விளைவு வேறாக இருந்தது. ராப்டரைப் பற்றி நமக்குத் தெரியும்: கூட்டமாக வேட்டையாடும், கதவைத் திறக்கும், பக்கவாட்டிலிருந்து வரும். மியூட்டடானைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? டிஸ்டார்ட்டஸ் ரெக்ஸ் எதை அஞ்சும், எதைத் தேடும், எங்கே படுக்கும்? எதுவும் சொல்லப்படவில்லை. பழக்கவழக்கம் தெரியாத ஒன்றிடம் தந்திரமும் பலிக்காது, பதற்றமும் ஏறாது. ஓடுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. கடைசிப் பகுதியில் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை அலுவலகத் தோழி ஒருவர் நன்றாகச் சொன்னார். "அது பார்க்கவே பாவமாக இருந்தது. தலை கனத்துத் தடுமாறுகிறது. அதைச் செய்தவர்கள் மீதுதான் கோபம் வந்தது" என்றார். உண்மைதான். அந்த உருவத்தில் ஒரு துயரம் இருக்கிறது. மனிதன் தன் வணிகத்துக்காக உயிரைப் பிசைந்து பார்த்ததன் விளைவு அது. படம் அந்தத் துயரத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதனோடு நின்றிருந்தால், எனக்கும் அது மறக்க முடியாததாக ஆகியிருக்கும். மாறாக, புகைக்கும் சிவப்பு வெளிச்சத்துக்கும் நடுவில் அதை நிறுத்தி, வெறும் துரத்தலுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். தொடக்கக் காட்சியில் சாக்லேட் உறை ஒன்று கதவு இயந்திரத்துக்குள் போய் ஆய்வகத்தின் பாதுகாப்பையே முடக்குவதைப் பார்த்து அரங்கில் சிரிப்பு எழுந்தது. சிக்கலான அமைப்புகள் அற்பக் காரணத்தால் சரியும் என்பது கிரைட்டனின் நாவலில் ஆழமான கருத்து. அதை இவ்வளவு அவசரமாகச் சொன்னதால் விளம்பரம் போல ஆகிவிட்டது.

கலப்பினப் பூதங்கள் இந்த வரிசைக்குள் 2015இல் நுழைந்தன. அதற்கு அப்போது கதைக்குள்ளேயே ஒரு காரணம் சொன்னார்கள்: மக்களுக்கு டைனோசர் சலித்துவிட்டது, ஆகவே இன்னும் பெரிதாக, இன்னும் கொடியதாக வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து 'ரீபெர்த்' அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. டைனோசர் அருங்காட்சியகத்தில் ஆளே இல்லை, மூடப்போகிறார்கள். நியூயார்க் சாலையில் சாகக் கிடக்கும் நெடுங்கழுத்து டைனோசர், மக்களுக்கு வெறும் போக்குவரத்து நெரிசலாகத் தெரிகிறது. இதைத்தான் நான் இந்தப் படத்தோடு முழுமூச்சாக மறுக்கிறேன். யாருக்குச் சலித்தது? எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளில் போய், திமிங்கலத்தின் எலும்புக்கூட்டருகே நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அவர்கள் அதற்குக் கூடுதலாக இரண்டு கைகள் வேண்டும் என்று கேட்பதில்லை.

அதைவிட வலுவான சான்று நம் மாநிலத்து மண்ணிலேயே இருக்கிறது. படத்தில் நிலத்தில் வாழும் மிகப் பெரிய உயிரினமாக வருவது டைட்டனோசாரஸ். உயர்ந்த புல்வெளியில் இரண்டு விலங்குகள் சாட்டை போன்ற நீண்ட வால்களைப் பின்னிக்கொண்டு கழுத்தோடு கழுத்து உரசி நிற்க, வில்லியம்ஸின் பழைய இசை எழும்பி வரும் காட்சி அது. ஜொனாதன் பெய்லி கண் கலங்கி, அதன் காலைத் தொட்டுப் பார்ப்பார். டைட்டனோசார்கள் என்ற அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் விலங்கு ஒன்று அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்தது. 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியல் அறிஞர்கள் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் என்று அவர்கள் பதிவு செய்தார்கள். முதலில் அதை ஊன் தின்னும் வகையாகக் கருதினார்கள். பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்று கணிப்பு மாறியது. உலகில் இதுவரை நடந்த நிலவாழ் விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. துயரம் என்னவென்றால், அந்த எலும்புகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட பின் நொறுங்கிப் போய்விட்டன. இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும் குறிப்புகளும்தாம். சென்னையிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஓர் ஊரில் அப்படி ஒன்று நடந்து திரிந்திருக்கிறது என்று சொன்னால், எந்தப் பிள்ளையாவது எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லுமா? அந்தப் புல்வெளிக் காட்சியில் எனக்குக் கண்ணில் நீர் வந்ததற்குப் பாதிக் காரணம் அரியலூர்தான்.

ஆகவே ரசிகர்களின் அலுப்பை நான் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். அவர்களுக்கு அலுத்தது டைனோசர் அன்று. எல்லாப் படத்திலும் ஒரு பேராசைக்கார நிறுவனத்தார், ஒரு ரகசிய ஆய்வகம், யார் சாவார் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும் பட்டியல் ஆகியவைதாம் அலுத்தன. இந்தப் படத்திலும் நிறுவனத்தின் ஆளாக வரும் மார்ட்டின் கிரெப்ஸ் பாத்திரத்தின் முடிவை யாரும் எளிதில் ஊகிக்கலாம். இந்தக் குறையைச் சொல்பவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

அந்தக் குடும்பம் எதற்கு என்ற கேள்வியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கூலிக்கு வந்த குழுவினர் ஆபத்தைத் தெரிந்தே வருகிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாத தந்தையும் பிள்ளைகளும் இருந்தால்தான் ஆற்றங்கரைக் காட்சியே சாத்தியம். மூத்தவளின் காதலனாக வரும் சோம்பேறி இளைஞனை முதலில் வெறுத்த பெண்மணி ஒருவர், படம் முடிந்து படியிறங்கும்போது, "அந்தப் பையனை அப்பா கடைசியில் ஒத்துக்கொண்டார், பாருங்கள்" என்று தன் கணவரிடம் நிறைவோடு சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டேன். குடும்பக் கதை ஒட்டவில்லை என்பவர்கள், இரண்டு கதைகளும் மாறி மாறி வருவதால் வேகம் குறைகிறது என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு.

மருந்தைப் பற்றிய பேச்சு போதனையாக இருக்கிறது என்றும் சிலர் குறைப்பட்டார்கள். எடுத்து வரும் மாதிரிகளை ஒரு நிறுவனத்திடம் கொடுப்பதா, உலகத்துக்கே திறந்துவிடுவதா என்று லூமிஸும் (ஜொனாதன் பெய்லி) ஸோராவும் (ஸ்கார்லெட் ஜோஹான்சன்) பேசிக்கொள்வார்கள். சென்னைக்காரர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கலாம். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. மருந்து யாருக்குச் சொந்தம் என்பது நம் ஊரிலேயே வழக்காடப்பட்ட கேள்வி. படம் அதை நான்கு வசனத்தில் கடந்துவிடுகிறது என்பதுதான் என் குறை; அதை எடுத்துப் பேசியதே குறை என்பதை நான் ஏற்கவில்லை.

தமிழ் ஒலிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். தமிழில் குடும்பத்தின் பேச்சு எனக்கு இதமாக இருந்தது. லூமிஸ் அறிவியல் பேசும் இடங்களில் வாக்கியங்கள் பாடநூலைப் போல விறைத்துவிட்டன. பிள்ளைகள் தமிழில் பார்த்தால் கதையைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பது பெரிய வசதி. இன்னொன்று, இடைவேளை. இந்தப் படம் இடைவேளைக்காக எழுதப்பட்டதன்று. நான் பார்த்த ஓர் அரங்கில் பதற்றம் ஏறிக்கொண்டிருந்த காட்சியின் நடுவிலேயே விளக்கைப் போட்டார்கள். பாப்கார்னோடு திரும்பி வந்தபோது அந்தக் காட்சியின் சூடு ஆறிப்போயிருந்தது. ஆங்கிலப் படங்களைச் சென்னையில் பார்ப்பவர்கள் "முன்பாதி இழுவை" என்று சொல்லும் பல தருணங்களில் பழியைச் சுமக்க வேண்டியது இந்தத் துண்டிப்புதான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

எண்கள் என்ன சொல்கின்றன என்றும் பார்க்கலாம். 2015இல் உலகெங்கும் 160 கோடி டாலரைத் தாண்டிய வரிசை இது. 2018இல் 130 கோடி, 2022இல் 100 கோடி, 2025இல் 86 கோடிக்குச் சற்று மேல். இறங்குமுகம்தான், ஆயினும் சுமார் 18 கோடி டாலரில் எடுத்த படத்துக்கு அது நல்ல வசூல். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்காவில் முதல் நாள் ரசிகர்களிடம் திரையரங்கு வாசலிலேயே மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில், விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட 2022ஆம் ஆண்டு 'டொமினியன்' ஏ மைனஸ் பெற்றது. அதைவிட நல்ல விமர்சனங்களைப் பெற்ற 'ரீபெர்த்' பி மட்டுமே பெற்றது. 'டொமினியன்' வெட்டுக்கிளிகளைப் பற்றிய படமாகவே பெரும்பாலும் ஓடியது. ஆனால் முதல் படத்தில் நடித்த சாம் நீல், லாரா டெர்ன், ஜெஃப் கோல்ட்ப்ளூம் மூவரும் ஒன்றாகத் திரும்பி வந்ததும், இறுதியில் டி. ரெக்ஸ் கர்ஜித்ததும் முதல் நாள் கூட்டத்துக்குப் போதுமானதாக இருந்தன. 'ரீபெர்த்' அந்த இரண்டையும் தரவில்லை. பழைய முகங்களும் இல்லை, காவல் தெய்வமும் இல்லை. என் அக்கா மகனின் ஏமாற்றத்துக்கும் அந்த பி மதிப்பெண்ணுக்கும் ஒரே வேர் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் நண்பர்களில் யார் பேச்சைக் கேட்பது என்றால், முதல் படத்தில் உங்களுக்குப் பிடித்தது தண்ணீர்க் கோப்பையா, கடைசிச் சண்டையா என்று யோசித்துப் பாருங்கள். கோப்பை என்றால் தயங்காமல் போங்கள். கடலில் மோசசாரஸ் படகைத் துரத்தும் பகுதி, ஆறு, புல்வெளி, செங்குத்துப் பாறையில் குவெட்சல்கோட்லஸின் கூட்டுக்குக் கயிற்றில் இறங்கும் பகுதி ஆகிய நான்கும் பெரிய திரைக்காகவே எடுக்கப்பட்டவை. 35 மில்லிமீட்டர் படச்சுருளில், தாய்லாந்தின் கிராபி பகுதியின் கரையோரங்களில் எடுத்த அந்தப் பச்சையும் நீலமும் வீட்டுத் தொலைக்காட்சியில் பாதிதான் தெரியும். சண்டை என்றால் 2015ஆம் ஆண்டுப் படத்தையே மறுபடி பார்ப்பது நல்லது.

எட்டு வயதுப் பையனைப் பொறுத்தவரை, டி. ரெக்ஸை அவன் தாங்கிக்கொள்வான். அதன் பெயரும் எடையும் அவனுக்குத் தெரியும். சிறுமி தத்தெடுக்கும் ஆக்விலாப்ஸ் என்ற குட்டி டைனோசரை வீட்டுக்குக் கேட்டு அடம்பிடிப்பான். ஆனால் தொடக்கத்தில் ஆய்வகப் பணியாளர் சாகும் இடமும், கடைசியில் இருட்டுக் கடைக்குள்ளும் சுரங்கப் பாதையிலும் மியூட்டடான்கள் துரத்தும் இடமும் அவனுக்குக் கடுமையாக இருக்கலாம். இரவு ஆட்டத்தைத் தவிர்த்துப் பகல் காட்சிக்கு அழைத்துப் போங்கள். தொடங்கி ஐந்து நிமிடம் தாமதமாக உள்ளே போனாலும் கதை புரியும். அதற்கு முன் 1993ஆம் ஆண்டுப் படத்தை அவனுக்கு வீட்டில் ஒரு முறை காட்டிவிடுங்கள். இடையிலுள்ள ஐந்து படங்களைப் பார்க்காவிட்டாலும் எதுவும் குறையாது.